பயிர்க் காவல் துப்பாக்கியும் அதற்குரிய தோட்டாவும்

ஆரணிப் பட்டணத்துக்கு மேற்கே கண்ணமங்கலம், சந்தவாசல், படவேடு முதலிய ஊர்களைக் கடந்து சென்றால் ஜவ்வாது மலையின் அடிவாரம் வந்துவிடும். அவ்வடிவாரத்திலும் அதையொட்டிய சமவெளியிலும் நெல், கரும்பு, வாழை, நிலக்கடலை ஆகியவை பயிராகின்றன. நிலக்கடலையில் காய் பிடித்துப் பருப்பு திரளத் தொடங்கிய நாள் முதல் அங்குள்ள குடியானவருக்கு இரவுத் தூக்கம் கிடையாது. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று ஓர் இரவு கொல்லையில் இறங்கிவிட்டால், மூக்கினால் நிலத்தைக் கிளறிப் பாத்தி பாத்தியாகக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுகிறது. அது தின்பதைக் காட்டிலும் கெடுப்பதே அதிகம். விதை, எரு, களையெடுப்புக் கூலி ஆகிய எல்லாச் செலவும் முடிந்த பிறகு நேரும் நஷ்டமாதலால் அதன் வேதனை பெரிது.

இவ்வாறு நஷ்டப்பட்டவருக்கு முதலில் தோன்றும் எண்ணம் துப்பாக்கி ஒன்று வேண்டுமென்பதே. எத்தகைய துப்பாக்கி என்பதில்தான் பலரும் தவறுகின்றனர். ஒரு முறை நிரப்பிவிட்டால் விசையை அழுத்துந்தோறும் சுட்டுக்கொண்டேயிருக்கும் வெளிநாட்டு வேட்டை ரைபிள்களைப் படங்களில் கண்ட இளைஞர்கள், அதுவே பன்றிக்கு ஏற்றதென்று நம்புகின்றனர். அந்த ரைபிள் எவ்வாறு வேலை செய்கிறது, அது ஏன் நமது கொல்லைகளுக்குப் பொருந்தாது, சட்டம் அனுமதிக்கும் துப்பாக்கியை எவ்வாறு பார்த்து வாங்குவது, அதற்கு எந்தத் தோட்டாவை இடுவது என்பவற்றைத் தெரிந்துகொள்வது பணத்தை மட்டுமன்றி உயிரையும் காப்பாற்றும்.

தானே நிரப்பிக்கொள்ளும் ரைபிள்

சாதாரண வேட்டை ரைபிளில் ஒரு வெடி தீர்ந்ததும் சுடுபவரே தாழ்ப்பாளைப் பின்னுக்கிழுத்து, வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி, அடுத்ததை உள்ளே தள்ளவேண்டும். தானே நிரப்பிக்கொள்ளும் ரைபிளில் அந்த வேலையை வெடியின் சக்தியே செய்கிறது. சில வகைகளில், குழலில் உண்டாகும் வாயுவில் சிறிதளவு ஒரு துவாரத்தின் வழியே வந்து ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வேறு சிலவற்றில் வெடியின் பின்னுதைப்பே அதைச் செய்கிறது. தாழ்ப்பாள் பின்னே போகும்போது கொக்கி வெற்றுத் தோட்டாவை இழுத்தெறியும். முன்னே திரும்பும்போது பெட்டியின் அடியிலுள்ள சுருள்வில் மேலே தூக்கி நிறுத்திய அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும். விசையை விட்டு மறுபடி அழுத்தினால்தான் அடுத்த வெடி. ஆரணித் தறியில் மிதியை ஒரு முறை மிதித்தால் ஜக்கார்டுப் பெட்டியில் ஓர் அட்டை மட்டும் திரும்புவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இவ்வகையில் முதன்முதலில் பெயர் பெற்றவர் அமெரிக்க நிபுணராகிய ஜான் பிரௌனிங். அவர் வகுத்த ஐந்து வெடித் துப்பாக்கி 1902-ஆம் வருஷத்தில் பெல்ஜியம் தேசத்தில் உற்பத்தியாயிற்று. 1903-இல் வின்செஸ்டர் கம்பெனியாரும், 1906-இல் ரெமிங்டன் கம்பெனியாரும் இவ்வாறு வேலை செய்யும் ரைபிள்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். ஆகவே இது புதிய அதிசயமன்று. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட யந்திரமே.

ஆனால் இந்த யந்திரம் தான் உண்ணும் தோட்டாவைப் பொறுத்து மிகவும் பிடிவாதமுடையது. மருந்தின் வேகம் குறைந்த தோட்டாவானால் தாழ்ப்பாள் முழுத்தூரம் பின்னே போகாது. வெற்றுத் தோட்டா வாயிலில் சிக்கிக்கொள்ளும். பெட்டியின் உதடுகள் சிறிது நெளிந்திருந்தாலும் தோட்டா மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நிற்கும். அடிப்பாகத்தில் விளிம்புள்ள தோட்டாக்களைப் பெட்டியில் அடுக்கும்போது மேலதன் விளிம்பு கீழதன் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இக்காரணம்பற்றியே இவ்வகை ரைபிள்களுக்குப் பெரும்பாலும் விளிம்பில்லாத தோட்டாக்களை வகுத்தனர். குழலின் கீழுள்ள நீண்ட குழாயில் தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பும் ரைபிள்களில் கூர்மூக்குக் குண்டுகளை இடவே கூடாது. பின்னதன் கூர் முன்னதன் கேப்பின்மேல் அழுந்தி, உதைப்பின்போது குழாய்க்குள்ளேயே வெடித்துவிடக்கூடும். இத்தனை நுட்பமும் தெரிந்து, வேண்டிய தோட்டாவைத் தடையின்றி வாங்கிக்கொள்ளும் வசதியுள்ள இடத்தில்தான் அந்த யந்திரத்தால் பிரயோஜனம் உண்டு.

இவை யாவும் இருந்தாலுங்கூட, குண்டு செல்லும் தூரம் என்னும் ஒரே காரணம் அதை ஒதுக்கப் போதுமானது. ரைபிளின் குழலுக்குள் புரி வெட்டப்பட்டிருக்கிறது. அது குண்டைச் சுழற்றி வெகு தூரம் நேராகச் செலுத்துகிறது. மிகச் சிறியதாகிய .22 ரைபிளின் குண்டே உயர்த்திச் சுட்டால் ஒன்றரை மைல் வரை போகும். பெரிய மிருகங்களுக்குரிய ரைபிள்களின் குண்டு இரண்டு மைலுக்கும் அப்பால் சென்று விழும். ஆரணிப் பக்கத்துச் சமவெளியில் ஒரு கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் இடையே இரண்டு மைல் வெற்றிடம் எங்கே இருக்கிறது? இரவில் பம்புசெட்டு அறையில் ஒருவர் படுத்திருப்பார். பக்கத்துக் கொல்லைப் பரணில் வேறொருவர் காவலிருப்பார். கரும்புக்கு நீர் பாய்ச்ச இன்னொருவர் வரப்பின்மேல் நடந்துகொண்டிருப்பார். குறி தவறிய குண்டு யாரிடம் போய்ச் சேருமென்று சொல்ல முடியாது. தவிரவும், அடுத்த தோட்டா தானே வந்து நிற்குமென்ற தைரியம் முதல் வெடியில் கவனத்தைக் குறைக்கிறது. இருட்டில் அசைந்தது பன்றிதானா என்று நிச்சயிப்பதற்கு முன்னரே இரண்டாம் வெடியும் தீர்ந்துவிடும்.

சட்டம் கொடுக்கும் துப்பாக்கி

1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை நீக்கி 1959-இல் இயற்றப்பட்ட இந்திய ஆயுதச் சட்டமே இன்று நடைமுறையில் இருப்பது. அதன் 13-ஆம் பிரிவு பயிர்க் காவலைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உண்மையாகவே பயிரைக் காக்கும் பொருட்டுக் கேட்பவருக்கு வாய்வழியே மருந்திட்டு நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கலாம். அது போதாதென்று உரிமம் வழங்கும் அதிகாரிக்குத் திருப்தியானால், புரியில்லாத சமக்குழலும் 20 அங்குலத்துக்குக் குறையாத நீளமும் உடைய வேறு துப்பாக்கிக்கும் வழங்கலாம். தானே நிரப்பிக்கொள்ளும் ரைபிள்கள் 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி பொதுவாகக் கட்டுப்பாட்டுக்குரிய முதல் வகையில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பயிர்க் காவலென்று சொல்லி அவற்றைக் கேட்பது வீண் முயற்சி. 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பிறகு ஒருவர் சாதாரணமாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. உரிமத்தின் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாக நீட்டப்பட்டது. உரிமமின்றி நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு.

வாய்வழி நிரப்பும் துப்பாக்கி ஆரணிக்குப் புதியதன்று. 1751 டிசம்பரில் கிளைவின் படைக்கும் ராஜா சாகிபின் படைக்கும், 1782 ஜூனில் சர் அயர் கூட்டின் படைக்கும் ஹைதர் அலியின் படைக்கும் இவ்வூரையடுத்து நடந்த போர்களில் சிப்பாய்கள் ஏந்தியது இதன் முன்னோரையே. அக்காலத்தில் சக்கிமுக்கிக் கல்லின் பொறி ரஞ்சக மருந்தில் பட்டுப் பற்றவேண்டும். இப்போதுள்ளவற்றில் கேப்பின்மேல் குதிரை விழுந்து பற்றுகிறது. மற்றபடி முறை ஒன்றே: குழலின் வாயில் மருந்தை அளந்து போட்டு, அதன்மேல் சக்கையை வைத்துக் கோலால் கெட்டித்து, பிறகு ரவையையிட்டு, அதன்மேலும் ஒரு சக்கையை இறுக்கி, கடைசியில் கேப்பைப் பொருத்துவது.

இதன் குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பனியில் மருந்து நமத்துப்போகும். ஒரு வெடிக்குப் பின் மறுபடி நிரப்ப நேரம் பிடிக்கும். ஆனால் இதனால் நேரும் விபத்துக்கள் இக்குறைகளால் அல்ல, கவனக்குறைவாலேயே நேருகின்றன. நிரப்பியதை மறந்து அதன்மேல் மறுபடி நிரப்புவது முதலாவது. இதற்கு எளிய தடுப்பு ஒன்றுண்டு. வெறுங்குழலுக்குள் கோலை விட்டு, வாயளவில் கோலில் ஒரு வெட்டுக்குறி இட்டு வைக்கவேண்டும். கோலை விடும்போது அக்குறி வாய்க்கு வெளியே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறதென்று அறியலாம். இரண்டாவது, கரிமருந்துக்குப் பதிலாகப் புகையில்லா மருந்தை இடுவது. நீலகிரியிலுள்ள அருவங்காட்டில் 1903-இல் தோன்றிய கார்டைட் தொழிற்சாலை செய்துவரும் இனத்தைச் சேர்ந்த மருந்து அது. அதன் அழுத்தம் கரிமருந்துக் குழலுக்குத் தாங்காது. பழைய தோட்டாவை உடைத்து அதன் மருந்தை நாட்டுத் துப்பாக்கியில் கொட்டுபவர் தம் கையையும் கண்ணையும் பணயம் வைக்கிறார். மூன்றாவது, ஈய ரவைக்குப் பதிலாகச் சைக்கிள் பால்ரஸையும் ஆணித் துண்டுகளையும் போடுவது. இவை குழலின் உட்புறத்தைக் கீறுவதோடு, கல்லில் பட்டுத் திசைமாறித் தெறிக்கும். கேப்பு வெடித்தும் மருந்து பற்றாவிடில் குழலை ஆளற்ற திசையில் நீட்டியபடியே ஒரு நிமிஷமாவது பொறுத்திருக்கவேண்டும். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் மருந்து தாமதித்து வெடிப்பதுண்டு.

பின்வழி நிரப்பும் ஒற்றைக்குழல்

வசதியும் அனுமதியும் இருக்குமானால், நடுவில் மடக்கித் தோட்டாவை இடும் 12-ஆம் நம்பர் ஒற்றைக்குழல் துப்பாக்கியே குடியானவருக்குத் தகுந்தது. 12 என்பது அங்குலக் கணக்கன்று. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றில் ஒன்று எந்தக் குழலில் சரியாக அடங்குமோ அதுவே 12-ஆம் நம்பர் குழல், குறுக்களவு 0.729 அங்குலம். இதனாலேயே 20-ஆம் நம்பர் குழல் 12-ஐக் காட்டிலும் சிறியதாக இருக்கிறது. நம்பர் பெரிதாகக் குழலும் பெரிதாகுமென்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க.

பழைய துப்பாக்கியை வாங்கும்போது மரத்தின் மெருகைப் பார்த்து மயங்கலாகாது. தோட்டா இல்லையென்று உறுதிசெய்துகொண்ட பின் குழலைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உட்புறத்தைப் பார்க்கவேண்டும். துருவினால் ஏற்பட்ட சிறு குழிகள் தோட்டா அறைக்கு அருகில் இருந்தால் விட்டுவிடுவதே நல்லது. உள்ளே வளையம்போல ஒரு நிழல் தெரிந்தால் அவ்விடத்தில் குழல் வீங்கியிருக்கிறதென்று பொருள்; முன்பு எப்போதோ வாய் அடைபட்டிருக்கையில் சுடப்பட்டிருக்கிறது. குழலை மாட்டி மூடியபின் அசைத்துப் பார்த்தால் சிறிதும் ஆடக்கூடாது. குழலின் பின்முகத்துக்கும் அது சாரும் இரும்புக்கும் இடையே வெளிச்சம் தெரியவும் கூடாது. குதிரையைப் பாதி நிலையில் நிறுத்திக் கட்டைவிரலால் முன்னே தள்ளினால் அது விழுந்துவிடக் கூடாது. செய்தவரின் பெயரும் தொடர் எண்ணும் தெளிவாக வெட்டப்பட்டிருக்கவேண்டும். அவை தேய்க்கப்பட்ட துப்பாக்கியை விலை கேட்பதே குற்றத்துக்கு வழி.

இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த, நாகத்தோல்போல் வரியோடிய பழைய டமாஸ்கஸ் குழல்கள் சில ஜமீன் வீடுகளிலிருந்து கைமாறி வருவதுண்டு. அவை கரிமருந்துக் காலத்தவை. பார்த்து ரசிப்பதற்கே உரியவை. இக்காலத் தோட்டாவை அவற்றில் இடலாகாது.

தோட்டா அறையின் நீளம் மிகவும் முக்கியமான சங்கதி. பழைய துப்பாக்கிகளில் அது இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். பிற்காலத்தவற்றில் இரண்டேமுக்கால் அங்குலம், அதாவது 70 மில்லிமீட்டர். நீளத் தோட்டா குட்டை அறையிலும் தடையின்றி உட்கார்ந்துவிடும். ஏனெனில் தோட்டாவின் மடிந்த வாய் வெடித்த பிறகே விரிகிறது. ஆனால் விரிவதற்கு இடமின்றி அது குழலின் குறுகிய பாகத்தில் அடைபடுவதால் அழுத்தம் அபாயகரமாக ஏறிவிடும். ஆகையால் “உள்ளே போகிறது, ஆகவே பொருந்துகிறது” என்ற நியாயம் துப்பாக்கிக்குச் செல்லாது. குழலின்மேல் வெட்டியுள்ள அளவையும் தோட்டாப் பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள அளவையும் ஒத்துப்பார்க்கவேண்டும்.

இதைவிடக் கொடியது 20-ஆம் நம்பர் தோட்டா 12-ஆம் நம்பர் தோட்டாக்களுடன் கலந்துவிடுவது. இருட்டில் அது 12-ஆம் நம்பர் அறையில் வழுக்கிச் சென்று குழலுக்குள் சிறிது தூரத்தில் நின்றுகொள்ளும். விசையை அழுத்தினால் வெடியாது. அறை காலியாகத் தோன்றுவதால் பதற்றத்தில் 12-ஆம் நம்பர் தோட்டா ஒன்றையும் பின்னால் இட்டுச் சுட்டால், முன்னதும் சேர்ந்து வெடித்துக் குழல் கிழியும். இவ்விபத்தைத் தடுக்கவே பல தேசங்களிலும் 20-ஆம் நம்பர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கின்றனர். ஒரு வீட்டில் ஒரு நம்பர் தோட்டாவே இருப்பது உத்தமம்.

இந்தியாவில் 12-ஆம் நம்பர் தோட்டாக்கள் பூனாவை அடுத்த கட்கி தொழிற்சாலையில் ‘சக்திமான்’ என்ற பெயருடன் செய்யப்பட்டு வந்திருக்கின்றன. சர்க்காரின் படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது அத்தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியா என்ற கம்பெனியின்கீழ் வந்தது. தோட்டாவை உரிமம் பெற்ற வியாபாரியிடமே, உரிமப் புஸ்தகத்தில் பதிவு செய்து வாங்கவேண்டும். அதில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பழைய காகிதத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் ஈரம் குடித்துப் பருத்து அறைக்குள் போகாமல் நின்றுவிடும். பருத்ததைத் தட்டியோ அழுத்தியோ நுழைக்க முயலலாகாது. பிளாஸ்டிக் தோட்டாக்களுக்கு இத்தொல்லை இல்லை. எனினும் அவற்றின் பித்தளை அடியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் உபயோகிக்கக் கூடாது.

ரவையின் அளவும் அதன் பலனும்

தோட்டாவின்மேல் எழுதியிருக்கும் எண்ணும் எழுத்தும் ரவையின் பருமனைக் குறிப்பவை. 6-ஆம் நம்பர் ரவையில் ஒரு அவுன்ஸுக்குச் சுமார் 270 மணிகள் உண்டு, பி.பி. என்பதில் சுமார் 70, எஸ்.ஜி. என்பதில் 8, எல்.ஜி. என்பதில் 6. மணி பருத்தால் தூரமும் அழுத்தமும் கூடும், எண்ணிக்கை குறையும். எவ்வளவு தூரம் வரை அபாயம் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. மணியின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து 2,200-ஆல் பெருக்கினால், அது மிஞ்சிப்போனால் விழும் தூரம் கஜத்தில் கிடைக்கும். அதன்படி 6-ஆம் நம்பர் ரவை சுமார் 225 கஜமும், எஸ்.ஜி. 700 கஜத்துக்கு மேலும் போகும். ரைபிள் குண்டின் தூரத்தோடு ஒப்பிட்டால் சமக்குழலின் நன்மை இதில் தெரியும்.

போய் விழுவது வேறு, பலிப்பது வேறு. குழலின் வாய் சுருக்கமில்லாமல் நேராக இருந்தால், 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ரவையில் நூற்றுக்கு 40 பங்குதான் விழும். முழுச் சுருக்கமுள்ள வாயானால் 70 பங்கு விழும். இதைப் பன்றியின்மேல் வைத்துக் கணக்குப் பார்க்க. ஒரு தோட்டாவில் எஸ்.ஜி. மணிகள் ஒன்பது இருப்பதாக வைத்துக்கொண்டால், நேர்வாய்க் குழலிலிருந்து 40 கஜத்தில் அவ்வட்டத்துக்குள் விழுவது மூன்று அல்லது நான்கு. பன்றியின் உயிர்நிலையோ ஒரு முழம்கூட அகலமில்லாதது. ஆகவே அங்கே படுவது ஒரு மணி. அதுவும் படாமல் போகலாம். குடலிலோ தொடையிலோ மணி ஏறிய பன்றி சாவதில்லை. கரும்புக்குள் புகுந்து படுத்துக்கொள்கிறது. மறுநாள் காலையில் சோகை உரிக்கவோ நீர் கட்டவோ உள்ளே போகும் கூலியாளின்மேல் பாய்வது அந்தப் பன்றிதான். தூரத்தில் சுட்டுவிட்டுப் “பட்டுவிட்டது” என்று திருப்தியடைபவர், தம் கொல்லையிலிருந்த அபாயத்தை அடுத்தவர் கொல்லைக்கு அனுப்பியவரே ஆகிறார். சிறு ரவையால் சுடுவது இன்னும் பெரிய கொடுமை. அது தோலுக்குக் கீழே தங்கிப் புண்ணாகிப் புரையோடும்.

ரவை போக, குழலளவு பருத்த ஒற்றைக் குண்டிட்ட தோட்டாவும் உண்டு. வாய்ச் சுருக்கமுள்ள குழலில் அதை இடுவதற்குமுன் அக்குண்டு சுருக்கத்தினூடே தாராளமாகப் போகக்கூடியதுதானா என்று விற்பவரிடம் நிச்சயப்படுத்திக்கொள்ளவேண்டும்.

செய்யத்தக்க மாறுதலும் தகாததும்

கடையிலிருந்து வந்த துப்பாக்கி எல்லோர் தோளுக்கும் பொருந்துவதில்லை. முழங்கையை மடக்கிப் பிடிக்கட்டையின் அடியை அம்மடிப்பில் சார்த்தினால், ஆள்காட்டிவிரலின் முதற் கணு விசையைத் தொடவேண்டும். எட்டாவிட்டால் கட்டை நீளம். தாண்டிப் போனால் குட்டை. நீளமான கட்டை சட்டையில் சிக்கும். குட்டையானது கன்னத்தில் இடிக்கும். கட்டையின் அடியைத் தச்சர் கொண்டு அளவாக அறுப்பதும், ரப்பர் மெத்தை வைத்துக் கூட்டுவதும், தோள்வார் மாட்டுவதும், குழல் நுனியிலுள்ள குறிமணிக்கு மங்கிய வெளிச்சத்திலும் தெரியும்படி வெள்ளை பூசுவதும் குற்றமற்ற மாறுதல்கள். இவற்றால் கிடைக்கும் அனுகூலம் விலையுயர்ந்த துப்பாக்கியால் கிடைப்பதைக் காட்டிலும் அதிகம்.

குழலைக் கையாள்வது வேறு விஷயம். பரணில் ஏற வசதியாக இருக்குமென்று கொல்லரிடம் கொடுத்துக் குழலைக் குறைப்பது ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவால் தடுக்கப்பட்டது. 2019-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தது ஏழு வருஷம், மிஞ்சினால் ஆயுள் முழுவதும் சிறை. ஒரு ரம்ப வெட்டுக்கு இவ்வளவு தண்டனை உண்டென்பதைப் பல குடியானவர்கள் அறியார். விசை இலகுவாக இருக்கவேண்டுமென்று உள்ளிருக்கும் பல்லை அரத்தால் தேய்ப்பதும் கூடாது. தேய்ந்த பல் துப்பாக்கி கீழே விழுந்தாலே நழுவி வெடிக்கச் செய்யும். பழுதுபார்ப்பை உரிமம் பெற்றவரிடமே விடவேண்டும்.

யார் சுடலாம்?

துப்பாக்கிக்கு உரிமம் இருப்பதாலேயே பன்றியைச் சுடும் உரிமை வந்துவிடாது. 1972-ஆம் வருஷத்து வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றியையும் காக்கிறது; 2022-இல் அட்டவணைகள் திருத்தப்பட்டபோது அது இரண்டாம் அட்டவணையில் வைக்கப்பட்டது. நிற்கும் பயிருக்கு அபாயம் விளைவிக்கும் மிருகத்தை வேட்டையாட 11-ஆம் பிரிவின்கீழ் தலைமை வனஉயிர்க் காவலரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ எழுத்து மூலம் அனுமதிக்கலாம். அண்டை ராஜ்யமாகிய கேரளத்தில் 2022 முதல் அவ்வதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் அளிக்கப்பட்டு, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு சுடும் வழக்கம் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஏற்பாடு வேறு: காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடுதல் கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடவேண்டும், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் திரியும் பன்றியைச் சுடலாம், ஆனால் சுடுபவர் வன இலாகாவினரே. மலையடிவாரக் கொல்லைக்காரருக்கு இதனால் நேர்ப் பயன் குறைவு என்பது உண்மைதான். நஷ்டம் மிகுதியாயுள்ள இடத்தில்தான் தடையும் மிகுதியாக இருக்கிறதென்ற அவருடைய குறையில் நியாயமில்லையென்று சொல்வதற்கில்லை. எனினும் சட்டம் சட்டமே. மயிலைப்பற்றிப் பேச்சே வேண்டாம். அது முதல் அட்டவணையைச் சேர்ந்தது.

அப்படியானால் பயிர்க் காவல் துப்பாக்கிக்கு வேலை என்ன? பெரும்பாலும் சத்தந்தான். ரவையில்லாத வெற்றுவெடி பன்றியை விரட்டும். ஆனால் ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் தினந்தோறும் கேட்டால் சில நாட்களில் அது பழகிக்கொள்ளும். இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டிருக்கவேண்டும். வெற்றுவெடியும் விளையாட்டன்று, அடைத்த சக்கை அருகில் நிற்பவரின் கண்ணைக் கெடுக்கப் போதும். துப்பாக்கி கிடைக்காதவர்கள் அவுட்டுக்காய் வைப்பதும், வேலியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவதும் கடுங்குற்றம். அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறுவது பன்றி மட்டுமன்று, மேய்ச்சல் மாடுந்தான். மின்வேலியில் இருட்டில் கை வைப்பவர் அநேகமாக அதைக் கட்டியவரின் குடும்பத்தாராகவோ பக்கத்து நிலத்தாராகவோ இருக்கிறார்.

கையாளுதலும் காத்தலும்

வரப்பின்மேல் நடக்கையிலும், வேலியைத் தாண்டுகையிலும், பரணில் ஏறுகையிலும் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலை மடக்கித் திறந்தபடி கொண்டுபோகவேண்டும். நெல் வரப்பு வழுக்கி விழுந்தவர் எழுந்ததும் முதலில் பார்க்கவேண்டியது குழலின் வாயில் சேறு புகுந்திருக்கிறதா என்பது. சிறிது சேறடைத்த குழலும் வெடிக்கும்போது வாய் பிளக்கும்.

கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவை உண்டாக்கும். சுட்ட அன்றே குழலை வெந்நீரால் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, மெல்லிய யந்திர எண்ணெய் பூசவேண்டும். தேங்காயெண்ணெய் பிசின்போல் உறைந்து குதிரையைப் பிடித்துக்கொள்ளும், அது ஆகாது. புகையில்லா மருந்துத் தோட்டா சுட்ட குழலுக்கு வெந்நீர் தேவையில்லை; துடைத்து எண்ணெயிட்டாற் போதும்.

வீட்டில் துப்பாக்கி ஓரிடத்திலும் தோட்டா வேறிடத்திலும் பூட்டி வைக்கப்படவேண்டும். தறிக் கூடத்தின் சுவரில் மாட்டி வைக்கும் வழக்கம் கூடாது. பாவு தோயவும் நூல் சுற்றவும் பிள்ளைகளும் அயலாரும் வந்துபோகும் இடம் அது. தேர்தல் காலங்களில் துப்பாக்கியை ஒப்படைக்கும்படி அதிகாரிகளின் உத்தரவு வந்தால், காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளவேண்டும். அது அறுவடைக் காலத்தோடு சேர்ந்துவிட்டால் இரவுக் காவலுக்கு ஆள் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்வது நலம். உரிமம் முடியும் தேதியை வீட்டிலுள்ள மற்றொருவரும் அறிந்திருக்கவேண்டும். உரிமக்காரர் காலமாகிவிட்டால், அவருடைய துப்பாக்கியை வாரிசுகள் தங்களிடமே வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருவதில்லை. தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து, வேண்டுமானால் தம் பெயருக்கு உரிமம் கேட்டு ஜில்லா கலெக்டருக்கு மனுச் செய்துகொள்ளலாம்.